செயின் லூப்: டிரை, வெட், மெழுகு மூணும், கூடவே செயின் கழுவுற டப்பாவும்

லூப்னா சைக்கிள் செயின் உரசாம ஓட அதுக்குள்ள விடுற எண்ணெய், இல்லைன்னா மெழுகு. முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன். தூசி ரோட்டுல ஓட்டுறவங்க மெழுகு லூப் வாங்குங்க, தினமும் மழையில நனைஞ்சுட்டே போய்த்தான் ஆகணும்னா வெட் லூப் வாங்குங்க, வெயில் நாள்ல மட்டும் வண்டியை வெளிய எடுக்குற ஆளா இருந்தா டிரை லூப்பே தாராளம். எது வாங்கினாலும் கூட ஒரு கட்டு பழைய பனியன் துணி வெச்சுக்கோங்க, ஏன்னா இந்த ரிவ்யூல வர்ற எல்லாத்தையும் விட செயினுக்கு அதிகமா நல்லது பண்றது அந்தத் துணிதான். இனிமே காரணம் எல்லாம் விளக்கமா எழுதுறேன், நீளமா போகும், பரவால்ல, இதைப் பத்தி பொறுமையா ஒரு தடவை எழுதிடணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன்.

எல்லாரும் கேக்குற கேள்வி "எந்த லூப் பெஸ்ட்?" அப்படின்னு. இதுக்கு பாட்டில் பேரைச் சொல்லி பதில் சொன்னா அது பாதி பதில்தான். நீங்க ஓட்டுற ரோட்டுல இருந்து செயின் மேல என்ன வந்து விழுது, தூசியா, மணலா, மழைத் தண்ணியா, சேறா, உப்பா, அதைச் சொல்லுங்க, அப்புறம் லூப்பைப் பத்திப் பேசலாம்.

செயினை ஒரு தடவை உன்னிப்பா பாருங்க. வெளிப் பிளேட் ரெண்டு, உள் பிளேட் ரெண்டு, நடுவுல உருளுற ரோலர், எல்லாத்தையும் கோர்த்து நிக்குற பின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர், இன்னைக்கு ஓடுற கிட்டத்தட்ட எல்லா சைக்கிளுக்கும் இதே அளவுதான். செயின் பல் மேல ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு லிங்க்கும் மடங்கி நிமிருது இல்லையா, அப்ப உரசுறது பின்னும் உள் பிளேட்டோட ஓட்டையும். அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. தேய்மானம் நடக்குறது அங்கதான், எண்ணெய் வேணுங்கறதும் அங்கதான். வெளிப் பிளேட் மேல பளபளன்னு தெரியுற எண்ணெய் துருப் பிடிக்காம லேசா காக்கும், அவ்ளோதான், மத்தபடி அது தூசியைக் கூப்பிட்டு ஒட்ட வெச்சுக்குற வேலையைத்தான் பாக்குது. அந்தத் தூசி எண்ணெயோட குழைஞ்சு கருப்புப் பசையாகி மெல்ல உள்ள போச்சுன்னா, எமரி பேப்பர் போட்டு பின்னைத் தேய்க்குற மாதிரிதான்.

1999ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டியில ஜேம்ஸ் ஸ்பைசர்னு ஒரு பேராசிரியரும் அவரோட டீமும் சைக்கிள் செயினை லேப்ல ஓட்டி, இன்ஃப்ராரெட் கேமரா வெச்சு எங்கெங்க சூடாகுதுன்னு பாத்தாங்க. பெடல்ல இருந்து போன சக்தியில 98.6 சதவீதம் வரைக்கும் செயின் வீணாக்காம பின் சக்கரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்துச்சு. ஆச்சரியம் என்னன்னா, எந்த லூப் போட்டாலும் அந்த அளவுல பெருசா வித்தியாசம் தெரியல. பல் சக்கரத்தோட சைஸும் செயின்ல இருக்குற இழுவையும்தான் கணக்கை மாத்துச்சு. லேப்ல தூசி இல்லை, அதான் விஷயம். லூப் உள்ள போய் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா அழுக்குக்கு இடம் கிடைக்காது, வெளிய ரோட்டுல அதோட முக்கியமான வேலையே இதுதான்னு அவங்க சொன்னாங்க. எனக்கு இது ரொம்பவே சரின்னு படுது. அதனால வழவழப்பா இருக்கா, செராமிக் கலந்திருக்கா, நானோ கலந்திருக்காங்கறதை எல்லாம் நான் ரெண்டாவதாத்தான் பாப்பேன். முதல்ல பாக்குறது, இந்த லூப் அழுக்கை உள்ள விடுமா விடாதா, அது ஒண்ணுதான்.

சரி, முதல்ல கழுவுறது. நான் வெச்சிருக்குறது பார்க் டூல் கம்பெனியோட சைக்ளோன். கையில அடங்குற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சுத்துற பிரஷ், செயின் வெளிய வர்ற இடத்துல ஸ்பாஞ்ச், அடியில ஒரு காந்தம். டப்பாவுல கோடு போட்ட அளவுக்கு டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்குற லிக்விட், ஊத்தி, செயினோட கீழ்ப்பக்கம் உள்ள வர்ற மாதிரி மாட்டி, மூடியைப் பூட்டி, ஒரு கையில டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பெடலைப் பின்னாடி சுத்தணும். கொஞ்ச நேரத்துலயே உள்ள இருக்குற தண்ணி கருகருன்னு ஆயிடும். அதைக் கொட்டிட்டு திரும்பப் புதுசா ஊத்தி ஓட்டணும், அந்த ரெண்டாவது ரவுண்டுதான் முக்கியம், நிறைய பேர் முதல் ரவுண்டோட நிறுத்திட்டு அதே கருப்புத் தண்ணியை செயினுக்குள்ள விட்டுட்டுப் போயிடுறாங்க. மூணாவது ரவுண்டுல சும்மா தண்ணியும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விடும் போதும்.

எல்லாம் முடிஞ்சு டப்பாவைத் திறந்து காந்தத்தைப் பாருங்க, அது மேல நுண்ணு நுண்ணா முள்ளு முள்ளா கருப்பா ஏதோ நிக்கும். விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறங்கும். அது இரும்புத் தூள், உங்க செயின்ல இருந்தும் பல் சக்கரத்துல இருந்தும் தேய்ஞ்சு வந்தது. அதை ஒரு தடவை பாத்தவங்களுக்கு செயினை ஏன் கழுவணும்னு அதுக்கப்புறம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

டப்பாவோட குறைன்னா, செயின் உள்ள போற வாசல்லயும் வெளிய வர்ற வாசல்லயும் தெறிக்கும், எந்த கம்பெனி டப்பாவா இருந்தாலும் இது இருக்கு. கீழ பழைய அட்டைப் பெட்டியை விரிச்சுட்டு ஆரம்பிங்க. டிஸ்க் பிரேக் வண்டின்னா பின் ரோட்டரை, அதாவது பிரேக் பிடிக்குற அந்த வட்டத் தகட்டை, ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிடுங்க, எண்ணெயோ டிகிரீசரோ ஒரு பொட்டு ரோட்டர்ல பட்டு பிரேக் பேட்ல ஏறிடுச்சுன்னா வண்டி கத்தும், பிரேக் பிடிக்காது, பல நேரம் பேடையே மாத்த வேண்டி வரும். இதே மாதிரி சல்லிசா கிடைக்குற பேர் தெரியாத டப்பா ஒண்ணும் ஓட்டிப் பாத்தேன், மூடியோட கொக்கி சீக்கிரமே உடைஞ்சு போச்சு, பிரஷ் முடியும் பாதி கொட்டிடுச்சு. டப்பா வாங்குறதா இருந்தா பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் தனியா ஸ்பேரா கிடைக்குற மாடலாப் பாத்து வாங்குங்க.

டப்பாவே வேணாம்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது. செயின்ல குயிக் லிங்க், அதாவது செயினைச் சுலபமா பிரிச்சு மாட்டுறதுக்குன்னே இருக்குற லிங்க், இருந்துச்சுன்னா கழட்டி, வாய் அகலமான பாட்டில்ல போட்டு, பாதி அளவு டிகிரீசர் ஊத்தி, மூடி நல்லா குலுக்கினா டப்பாவை விட சுத்தமாவே வரும். மண்ணெண்ணெய், டர்பென்டைன், ஆரஞ்சுத் தோல் வாசனை வர்ற அந்த சிட்ரஸ் டிகிரீசர், எதுவும் ஓகே. பெட்ரோல் வேணாம், தீப்பிடிக்குற ஆபத்து ஒரு பக்கம், அந்த ஆவியை மூச்சுல இழுக்குறது இன்னொரு பக்கம், ஒரு செயினுக்காக இதெல்லாம் தேவையே இல்லை. இன்னொண்ணு, துரு நீக்குற ஆசிட் வகை லிக்விடையோ காரமான கிளீனரையோ செயின்ல போடாதீங்க. செயின் தயாரிக்குற ஷிமானோ கம்பெனியோட மேனுவல்லயே இது எச்சரிக்கையா இருக்கு, அந்த மாதிரி கெமிக்கல் பட்டா செயின் ஓட்டும்போதே அறுந்து போகலாம்னு. மேட்டுல எழுந்து நின்னு மிதிக்கும்போது செயின் அறுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்துக்கோங்க.

கழுவினதும் காய வைக்கணும். இதை அவசரமா பண்றவங்கதான் அதிகம். ரோலருக்குள்ள தண்ணியோ டிகிரீசரோ மிச்சம் இருந்தா மேல போடுற லூப் உள்ள இறங்கவே இறங்காது, இறங்கினாலும் டிகிரீசர் அதையும் கரைச்சு விட்டுடும். துணியால இழுத்துத் துடைச்சுட்டு வெயில்லயோ ஃபேன் காத்துலயோ நல்லா காயப் போடுங்க. அவசரம்னா ஹேர் டிரையர் காட்டலாம். பிரஷர் வாஷர்ல தண்ணியைப் பீச்சி அடிக்குறது மட்டும் வேணாம், அது அழுக்கை வெளிய தள்ளுறதை விட உள்ள தள்ளுறதுதான் ஜாஸ்தி, கூடவே வீல் பேரிங், பெடல் பேரிங்ல இருக்குற கிரீஸையும் கழுவிட்டுப் போயிடும்.

இனி லூப்.

டிரை லூப்னு விக்குறதுல நல்லா தெரிஞ்ச பேர்னா ஃபினிஷ் லைன், சிவப்பு மூடி போட்ட பாட்டில். ஊத்தும்போது தண்ணி மாதிரி ஓடும், ஏன்னா அதுல பெரும்பகுதி சும்மா சுமந்துட்டு வர்ற கரைப்பான்தான், அது காத்துல பறந்துடும், உள்ள ஒரு மெல்லிசுப் படலம் மட்டும் நிக்கும். அதனாலதான் இதைப் போட்ட உடனே வண்டியை எடுக்கக் கூடாது, ராத்திரி போட்டுட்டு காலையில ஓட்டணும். போட்ட கையோட ஓட்டிட்டு "டிரை லூப் வேஸ்ட், உடனே போயிடுச்சு"ன்னு ரிவ்யூ போடுறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு, பாட்டில் பின்னாடியே எழுதியிருக்கும்ங்க. நல்ல விஷயம், செயின் பாக்க நீட்டா இருக்கும், தொட்டா கையில ரொம்ப ஒட்டாது, தூசியும் குறைவாத்தான் பிடிக்கும். ஆனா ஒரு நல்ல மழை போதும், கழுவிட்டுப் போயிடும். நீண்ட ரைடுகூட இதுக்குக் கஷ்டம்தான், கடைசில செயின் லேசா கிறீச்சுன்னு பேச ஆரம்பிக்கும். அடிக்கடி போடணும், அதுக்குப் பொறுமை இருக்குறவங்களுக்கு இது போதும்.

வெட் லூப், அதே கம்பெனியில பச்சை மூடி. இது உண்மையாவே எண்ணெய், கெட்டியா இழுக்கும், தண்ணிக்கு அசையாது. மழை விடாம பெய்யுற மாசம் எல்லாம் இதைத் தவிர நான் வேற எதையும் நம்புறது இல்லை. முழுக்க நனைஞ்சு வந்து வண்டியை நிறுத்தினா அடுத்த நாள் செயின்ல செம்மண் கலர்ல துரு பூக்கும் பாருங்க, இது போட்டிருந்தா அந்தத் தொல்லை இருக்காது. சத்தமும் கம்மி, மூணு வகையில அமைதியா ஓடுறது இதுதான். ஆனா மழை நின்னு ரோடு காஞ்சு தூசி கிளம்பிடுச்சுன்னா உடனே இதைக் கழுவி எடுத்துடணும். தூசியில வெட் லூப்போட ஓட்டினா, முன்னாடி சொன்னேனே கருப்புப் பசை, அது இங்கதான் உருவாகுது. செயின் மட்டும் இல்லை, கேசட் (பின் சக்கரத்துல அடுக்கா இருக்குற பல் சக்கரங்கள்), கியர் மாத்துற டெரெய்லர்ல இருக்குற ரெண்டு குட்டிப் பல் சக்கரம், எல்லாத்துலயும் தார் மாதிரி அப்பிக்கும், பேன்ட்ல பட்டா போகவே போகாது. பாட்டில்ல "ஆல் கண்டிஷன்"னு எழுதி நடுத்தரமா ஒண்ணு விக்குறாங்க, அது ரெண்டுலயும் பாதி பாதி. மழையும் வெயிலும் மாறி மாறி வர்ற இடத்துல ஒரே பாட்டிலோட நிறுத்திக்கணும்னு நினைக்குறவங்களுக்கு அது சரியா வரும்.

இப்போ நான் அதிகமா பயன்படுத்துறது மெழுகு லூப், சொட்டு சொட்டா விடுற வகை. ஸ்குவர்ட்னு தென்னாப்பிரிக்கா கம்பெனி பாட்டில். மெழுகைத் தண்ணியில நுண்ணுசா கலந்து பால் மாதிரி வெச்சிருப்பாங்க, குலுக்கிட்டு ஊத்தணும். தண்ணி காஞ்சதும் ரோலருக்குள்ள மெழுகு மட்டும் தங்கிடும். மெழுகுல தூசி ஒட்டாது, மேல வந்து உக்காந்தாலும் மெழுகே துகள் துகளா உதிரும்போது தூசியையும் கூட்டிட்டுப் போயிடும். தூசியும் மணலும் நிறைஞ்ச வழியில ஓட்டிட்டு வந்து செயினைத் தொட்டா விரல்ல சாம்பல் கலர்ல லேசா ஒரு தடம், அவ்ளோதான். வெட் லூப்ல ஓட்டிப் பழகினவங்களுக்கு இதை முதல்ல பாக்கும்போது நம்பவே முடியாது.

ஆனா மெழுகுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, அதை யாருக்காகவும் தளர்த்திக்காது. முதல் தடவை போடும்போது செயின்ல எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. புது செயின்ல கம்பெனியே ஒரு கெட்டியான கிரீஸ் போட்டுத்தான் அனுப்புவான். எண்ணெய் வகை லூப் போடப் போறீங்கன்னா அந்த கிரீஸை அப்படியே விட்டுடலாம், நல்ல சரக்குதான் அது, வெளிப்பக்கம் மட்டும் துடைச்சுட்டு தீர்ற வரைக்கும் ஓட்டுங்க. மெழுகுக்குப் போறீங்கன்னா அதை முழுசா எடுத்தே ஆகணும், பாட்டில்ல போட்டு டிகிரீசர் கலங்காம தெளிவா வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி ஊத்திக் குலுக்கணும், கடைசியா ஸ்பிரிட்ல ஒரு அலசு. அந்த வேலை உண்மையாவே அலுப்புதான். எண்ணெய் மிச்சம் இருந்தா மெழுகு உலோகத்துல பிடிக்காது, உரிஞ்சு வந்துடும், அப்புறம் செயின் சத்தம் போடும், கோபம் மெழுகு மேல திரும்பும். ஒரு தடவை ஒழுங்கா எடுத்துட்டா அதுக்கப்புறம் பெரிய கழுவல் ரொம்ப அபூர்வமாத்தான் வரும், துடைச்சுட்டு மேல மேல போட்டுட்டே போகலாம்.

மெழுகுக்கு ஆகாத இடம் எதுன்னா, நாள் முழுக்கக் கொட்டுற மழை. ஒரு சின்னத் தூறலைத் தாங்கும், அதுக்கு மேல கஷ்டம், நனைஞ்சு வந்த அன்னைக்கே துடைச்சுக் காய வெச்சு திரும்பப் போட்டாகணும், விட்டுட்டா துரு. குளிர்லயும் சாதாரண பாட்டில் சரியா வேலை செய்யாது, உறையுற குளிர்ல ஓட்டுறவங்களுக்குன்னே அதே கம்பெனி லோ டெம்ப்னு தனியா ஒரு வகை விக்குது.

சூடா உருக்கி செயினையே முக்கி எடுக்குற மெழுகு முறையும் இருக்கு, ரேஸ் ஓட்டுறவங்க அதைத்தான் சொல்லுவாங்க. ஸ்லோ குக்கர்ல மெழுகை உருக்கி, 90 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் சுத்தமான செயினைக் கம்பியில கோர்த்து உள்ள விட்டு அசைக்கணும், செயினும் சூடாகி குமிழி நிக்குற வரைக்கும். வெளிய எடுத்துத் தொங்கவிட்டா ஆறினதும் குச்சி மாதிரி விறைச்சு நிக்கும், ஒரு உருட்டுக் கம்பி மேல ஒவ்வொரு லிங்க்கா வளைச்சு விட்டாத்தான் வண்டியில மாட்ட முடியும். காஞ்ச ரோட்டுல ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க. சுத்தத்துல இதை அடிச்சுக்க எதுவும் இல்லை, தேய்மானமும் ரொம்பக் குறைவு. ஆனா கேஸ் அடுப்புல நேரடியா சட்டியை வெச்சு மெழுகை உருக்காதீங்க, அதிகமா சூடாகி ஆவி தீப்பிடிச்சா தண்ணி ஊத்தியும் அணைக்க முடியாது. சாதாரணமா வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வர்ற வண்டிக்கு இவ்ளோ பாடு தேவை இல்லைங்கறது என் கருத்து, சொட்டு மெழுகே அந்த நன்மையில பெரும்பகுதியைக் குடுத்துடுது.

டபிள்யூடி-40 பத்திக் கேக்காத ஆளே இல்லை. அந்த நீல மஞ்சள் டப்பா 1953ல அமெரிக்காவுல சான் டியாகோவுல ஒரு சின்ன கம்பெனி தயாரிச்சது, ராக்கெட்டோட வெளித்தோல்ல தண்ணி தங்கி துரு வராம இருக்க. பேர்லயே அது இருக்கு, தண்ணியை விரட்டுற கலவை, 40வது முயற்சி. அதனால மழையில நனைஞ்ச செயின்ல இருந்து தண்ணியை வெளியேத்த அது உதவும், கொஞ்சம் பிசுக்கையும் கரைக்கும். லூப்னு நினைச்சு அதை மட்டும் அடிச்சுட்டு ஓட்டினா படலம் ரொம்ப மெல்லிசு, சீக்கிரமே செயின் வறண்டுடும், போதாக்குறைக்கு உள்ள இருந்த நல்ல லூப்பையும் கரைச்சு விட்டிருக்கும். அதே கம்பெனி சைக்கிளுக்குன்னே தனியா டிரை, வெட் ரெண்டு லூப்பும் விக்குது, அது வேற சரக்கு, குழப்பிக்காதீங்க. ஸ்ப்ரே டப்பா எதுவா இருந்தாலும் டிஸ்க் பிரேக் பக்கத்துல அடிக்கவே அடிக்காதீங்க, காத்துல பறந்து ரோட்டர்ல படியும்.

போடுற முறை. இதுல கை பழகிட்டா பாட்டில் ரொம்ப நாள் வரும். குயிக் லிங்க் இருக்குற இடத்துல இருந்து ஆரம்பிங்க, சுத்தி வந்துட்டோமான்னு அப்பத்தான் தெரியும். செயினோட கீழ்வரிசையில, உள்பக்கமா, ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு. உத்துப் பாத்தா தெரியும், சொட்டு ரோலர் மேல உருண்டையா ஒரு நொடி நிக்கும், பெடலை லேசா அசைச்சதும் ரோலருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இருக்குற மயிரிழை இடைவெளியில சட்டுன்னு உள்ள இழுத்துக்கும். அப்படி உள்ள இழுத்துக்கிட்டதுதான் கணக்கு, பிளேட் மேல வழிஞ்சு ஓடினது எல்லாம் வீண். எல்லா லிங்க்கும் முடிஞ்சதும் பெடலைப் பின்னாடி நல்லா சுத்தி விடுங்க, கியரையும் ரெண்டு மூணு மாத்தி விடுங்க. எண்ணெய் வகைன்னா கால் மணி நேரமாவது விட்டுட்டு, டிரை, மெழுகுன்னா முழுசா காய விட்டுட்டு, அப்புறம் துணியை எடுத்து செயினைச் சுத்திப் பிடிச்சு பெடலை ஓட்டுங்க. வெளிப் பிளேட் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கணும், அந்த அளவுக்குத் துடைக்கணும். "இவ்ளோ ஊத்திட்டு எல்லாத்தையும் துடைச்சு எடுக்குறதா"ன்னு மனசு கேக்காது, ஆனா உள்ள போனது உள்ளதான் இருக்கு, துணிக்கு வந்தது வெளியே சும்மா உக்காந்திருந்தது.

அப்புறம் சில விசேஷ இடங்கள். கடற்கரை மணல்ல ஓட்டினா மெழுகுதான், எண்ணெய் போட்டா ஒவ்வொரு மணலும் ஒட்டிக்கும், உப்புக் காத்து வேற, அதனால வந்ததும் ஈரத் துணியில துடைச்சு, காய வெச்சு, திரும்ப லேசா போட்டுடணும். பனி விழுற ஊர்கள்ல ரோட்டுல உப்புத் தூவுவாங்க, அந்த உப்புத் தண்ணியில செயின் ஒரே ராத்திரியில துருப் பிடிக்கும், அங்க வெட் லூப், வீட்டுக்கு வந்ததும் துடைக்காம தூங்கப் போகக் கூடாது. சேத்துல மவுன்டன் பைக் ஓட்டுறவங்களுக்கு எந்த லூப்பும் முழுசா நிக்காது, சேறு காயுறதுக்கு முன்னாடி மெதுவா தண்ணி விட்டுக் கழுவிடுறதுதான் வழி. வீட்டுக்குள்ள டிரெய்னர்ல மாட்டி ஓட்டுறவங்களுக்கு தூசியும் இல்லை மழையும் இல்லை, செயின் ரொம்ப நாள் சுத்தமா இருக்கும், வியர்வை சொட்டாம மட்டும் பாத்துக்கணும், மெழுகுன்னா கீழ ஒரு பாய் விரிச்சுக்கோங்க, துகள் உதிரும். முழுசா மூடின செயின் கவர் இருக்குற பழைய மாடல் வண்டிக்கு அழுக்கு உள்ள வர்றதே கம்மி, அதுக்கு எண்ணெய் போதும், வருஷத்துல எப்பவாச்சும் திறந்து பாத்தா சரி. பெடல் பக்கம் மோட்டார் இருக்குற மின் சைக்கிள்ல உங்க கால் பலத்தோட மோட்டார் பலமும் அதே செயின் மேலதான் ஏறுது, அதனால தேய்மானம் சீக்கிரம், லூப்பும் சீக்கிரம் தீரும்.

எவ்ளோ நாளைக்கு ஒரு தடவைன்னு தேதி வெச்சுக்காதீங்க, காதை வெச்சுக்கோங்க. அமைதியான ரோட்டுல பெடல் மிதிக்கும்போது செயின் சரசரன்னு காஞ்ச சத்தம் குடுத்தா லூப் தீர்ந்துடுச்சு. நறநறன்னு வந்தா அழுக்கு உள்ள போயிடுச்சு, அப்ப லூப் மேல லூப் ஊத்தாம கழுவணும். இந்த ரெண்டு சத்தத்தையும் பிரிச்சுக் கேக்கப் பழகிட்டா போதும்.

எவ்ளோ நல்லா பாத்துக்கிட்டாலும் செயின் தேயும், தேயத் தேய நீளும், அதை அளக்க ஒரு செயின் செக்கர் வாங்கி வெச்சுக்கோங்க, சின்ன இரும்புத் தகடுதான். 11, 12 கியர் கேசட்டுன்னா 0.5 சதவீதம் நீண்டதும் மாத்திடுங்க, அதுக்குக் கீழ 8, 9, 10 கியருக்கு 0.75 வரைக்கும் போகலாம். செக்கர் இல்லைன்னா இரும்பு ஸ்கேல் போதும். புது செயின்ல ஒரு பின்னோட நடுவுல இருந்து 24 லிங்க் தள்ளி இருக்குற பின்னோட நடு வரைக்கும் சரியா 12 இஞ்ச் வரும். அது ஒரு இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு நீண்டிருந்தா செயினை மாத்துங்க, எட்டுல ஒரு பங்கு நீண்டிருந்தா பெரும்பாலும் கேசட்டும் போயிருக்கும், புது செயின் போட்டா பல்லுல நிக்காம வழுக்கும். செயின் செலவைத் தள்ளிப் போட்டா கேசட் செலவும் சேர்ந்து வந்து நிக்கும். கழுவுறதுக்காக அடிக்கடி கழட்டுறவங்க குயிக் லிங்க் கவரைப் பாத்து வாங்குங்க. எஸ்ராம் பவர்லாக், ஷிமானோ குயிக் லிங்க் எல்லாம் ஒரு தடவை மாட்டத்தான்னு கம்பெனியே சொல்லுது, கேஎம்சியில திரும்பத் திரும்ப மாட்டுற வகையும் தனியா கிடைக்குது.

கடைசியா அந்தக் கருப்புத் தண்ணி. கழுவின மண்ணெண்ணெயையோ டர்பென்டைனையோ சாக்கடையிலயும் செடிக்குப் பக்கத்துலயும் ஊத்தாதீங்க. ஒரு பழைய பாட்டில்ல ஊத்தி, மேல பேர் எழுதி, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல ஆடாம வெச்சுடுங்க. சில நாள்ல கசடு எல்லாம் அடியில இறங்கிடும், மேல தெளிஞ்சு நிக்குறதை மெதுவா வேற பாட்டில்ல சாய்ச்சு எடுத்துக்கிட்டா அடுத்த கழுவலோட முதல் ரவுண்டுக்கு அதுவே போதும். அடியில நிக்குற கசடை பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்குற வொர்க்ஷாப்புல கேட்டுப் பாத்துக் குடுத்துடுங்க. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில குவிச்சு வைக்காதீங்க, விரிச்சுக் காய வெச்சுட்டு அப்புறம் குப்பையில போடுங்க.